கரண்ட் போனால் நிற்கும் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

அத்தான் வந்துவிட்டுப் போனார். அக்கா வீட்டுக்காரர் வந்தால் இந்த வீட்டில் ஏதாவது ஒன்று கூடும். பேச்சு, இல்லையென்றால் பெட்டி. இன்று இரண்டும்.

பெட்டிகள் அவருடைய குழாய்க் கடைச் சரக்கு. "ரெண்டு நாள்தான் மாமா, குடோன்ல எடமில்ல" என்று போன மாதம் என் பின்னறை மூலையில் முதல் பெட்டியை வைத்தார். அது அன்றிலிருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. என் கப்பி மீன்கள்கூட இந்த வேகத்தில் போடுவதில்லை.

பேச்சு சோலாரைப் பற்றி. அவருடைய கூட்டாளி ஒருவர் மாடியில் பேனல் போட்டிருக்கிறாராம். கரண்ட் பில் பாதிகூட வருவதில்லையாம். "மேல சூரியன் சும்மா கெடக்கு மாமா. நாமதான் எடுத்துக்கணும்" என்றார், ஏதோ சூரியன் அவர் கடை வாசலில் கிடக்கிற குழாய் மாதிரி. அப்பா தலையாட்டினார். அத்தான் பேச ஆரம்பித்தால் அப்பாவின் தலை தானாக ஆடும். சாவி கொடுக்கவே வேண்டாம்.

அப்பாவின் கவலை வேறு. முன்பக்கம் மீன் கடை. பின்னறையில் நான் குஞ்சு பொரிக்க வைக்கும் தொட்டிகள். எல்லாத் தொட்டிக்கும் காற்று ஒரே ஏர் மோட்டாரிலிருந்துதான். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் தண்ணீரில் குமிழ் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். போன கோடையில் ஒரு மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. நானும் அம்மாவும் செம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். முன்கடை பிழைத்தது. பின்னறை பிழைக்கவில்லை.

அன்றைக்கு அப்பா சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பின்னறைய மூடிருவோம்மா. மாப்பிள்ளை சரக்கு வெச்சுக்கட்டும்."

இன்று அத்தான் பின்னறைக்குள் வந்து சுவரை முழம் போட்டு அளந்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். என்னையும் ஒரு தொட்டி என்று நினைத்திருப்பார்.

மார்ச் 5, வியாழன்

சோலாருக்கு வேண்டிய இன்வர்ட்டர் என்றால் என்னவென்று அத்தானுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெருவில் நின்று சத்தமாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

சோலார் கம்பெனிக்காரர் வந்தார். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா. மாடியில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், "இங்கருந்து அதுவரைக்கும் பேனல் சார்" என்று அந்தப் பேனாவால் காட்டினார். அந்த வெயிலில் வெளிச்சம் எங்கே விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "ஓ, அதுவரைக்கும்" என்றார் அப்பா. "கரெக்ட்" என்றார் அத்தான். இனி இவர் பெயர் லேசர்.

கீழே வந்து விளக்கம். பேனல் தருவது ஒரு மாதிரிக் கரண்ட், வீட்டுக்கு வேண்டியது வேறு மாதிரி. நடுவில் நின்று மாற்றிக் கொடுப்பது இன்வர்ட்டர். இதுவரை புரிந்தது.

"ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைபிரிட்னு மூணு வகை இருக்கு சார். நீங்க எதையும் யோசிக்க வேணாம். ஆன்-கிரிட் போட்டுக்குங்க. பேட்டரி கெடையாது, பராமரிப்பு கெடையாது. மீந்த கரண்ட் தெரு லைனுக்கே போயிரும், பில்லுல கழிச்சுக்குவாங்க."

'எதையும் யோசிக்க வேணாம்' என்ற இடத்தில் அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவர் போல.

அத்தான் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். "என்ன கலர்ல வரும்?"

"வெள்ளை சார்."

"வெள்ளைன்னா அழுக்காயிருமே."

இதுதான் எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் தேர்ந்தெடுத்த லட்சணம்.

நான் கதவுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க எனக்கும் ஒன்று இருந்தது. தொண்டை வரை வந்தது. அதற்குள் லேசர் திரும்பி, "பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றார். எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிப்ளமா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு வரை எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு. பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஊருக்குச் சொல்லும் காரணம் அம்மாவின் முதுகு ஆபரேஷன். உண்மைக் காரணம், எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. வராத குரலைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். அவள் விடாமல் படித்து இப்போது எலெக்ட்ரிக்கல் டிப்ளமா இரண்டாம் வருஷம். கழுத்தில் காலேஜ் அட்டை. துணி காயப்போடும்போதும் அட்டை. கொடிக்கயிறு இவளிடம் அடையாளம் கேட்டதா?

"உங்க வீட்ல சோலாராமே? என்ன இன்வர்ட்டர்?"

"ஆன்-கிரிட்." முனகலாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டது. அந்தக் காது சின்ன வயதிலிருந்தே அப்படி.

"பில் கொறையணும்னா அது சரி. ஆனா உனக்குக் கரண்ட் போனாலும் மோட்டார் ஓடணுமே. அதக் கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"என்ன சொன்னாங்க?"

"ஓடுமாம்."

"ஆன்-கிரிட்டா? நல்லாக் கேட்டுக்கடி, அது வந்து..."

அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை.

மாடியில் பேனல், மேலே வெயில். கரண்ட் போனால் என்ன, வெயிலுமா கூடப் போய்விடும்? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் படிக்க வேண்டுமா? பெரிய சந்தேகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், அதைத் துணி கிளிப் மாதிரி பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மார்ச் 11, புதன்

ஆனாலும் உறுத்தியது. அப்பாவைக் கேட்கச் சொன்னேன். லேசருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கரண்ட் போனா என்ன ஆகும் தம்பி?"

"வெயில் இருக்கற வரைக்கும் பேனல் அதுபாட்டுக்குத் தயாரா இருக்கும் சார். கவலையே படாதீங்க."

அப்பா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். பார்த்தாயா? இவளுக்கு இரண்டு வருஷம், அவருக்கு ஒரு வாக்கியம். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு டிப்ளமா மீன் வளர்க்க வரலாம்.

மார்ச் 19, வியாழன்

பேனல் ஏறிவிட்டது. வெள்ளைப் பெட்டி முன்கடைச் சுவரில். பச்சை விளக்கு எரிகிறது. அத்தான் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போடப் பார்த்தார், அழுக்காகாமல் இருக்க. "மூச்சு முட்டும் சார், எடுங்க" என்று மாட்ட வந்தவர் பிடுங்கினார். மாட்ட வந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் கொஞ்சம் அறிவு இருந்தது.

பின்னறையில் கரும்பட்டை ஏஞ்சல் மீன் ஜோடி முட்டை வைத்திருக்கிறது. நிற்க வைத்த குழாய்த் துண்டின் மேல், வரிசை வரிசையாக. அத்தான் கடையிலிருந்து இந்த வீட்டுக்கு உருப்படியாக வந்த ஒரே பொருள் அந்த உடைந்த குழாய்தான். அது வந்ததும் அவருக்குத் தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

எழுதவே சிரிப்பாக வருகிறது. இல்லை, சிரிப்பு இல்லை.

அத்தான் தெருவையே கூட்டிவிட்டார். அக்கா, கோழிக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், டிப்ளமாவின் அப்பா. அவர் பஸ் டிரைவர், இன்று லீவு. டிப்ளமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை.

"இப்ப நான் மெயினை ஆஃப் பண்ணப் போறேன்" என்றார் அத்தான், வித்தை காட்டுகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு. "ஊரே நின்னாலும் இந்த வீடு நிக்காது. மாமா, ஃபேனப் போடுங்க. டிவியப் போடுங்க. எல்லாத்தையும் போடுங்க."

எல்லாவற்றையும் போட்டோம். நடுப்பகல். அத்தான் மெயினை இறக்கினார்.

எல்லாம் நின்றது. ஃபேன், டிவி, விளக்கு, ஏர் மோட்டார். பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. எங்கள் வீட்டில் மோட்டார் சத்தம் ஓயவே ஓயாது என்பதால் அது இல்லாத வீடு யாருடையதோ போல இருந்தது. தொட்டிகளில் கடைசிக் குமிழ்கள் மேலே வந்து உடைவதுகூடக் கேட்டது.

"வெயில் பத்தல போலருக்கு" என்றார் அத்தான்.

கோழிக்கடைக்காரர் நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறினார். "மாப்ள, இதுக்கு மேல வெயில் வேணும்னா அடுப்புக்குள்ளதான் போய் உக்காரணும்."

"தள்ளி விட்டா கெளம்புமா பாருங்க" என்றார் டிப்ளமாவின் அப்பா. "நம்ம வண்டியெல்லாம் அப்படித்தான்."

அக்கா சிரித்துவிட்டாள், கட்டினவர் என்றும் பார்க்காமல். அத்தான் மெயினைத் தூக்கிவிட்டார். ஃபேன் சுற்றியது. "பாத்தீங்களா, வந்துருச்சு" என்றார்.

நான் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அவள் சிரிக்கவில்லை என்று. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 23, திங்கள்

பேனலில் தூசியாம். அதனால்தான் நின்றதாம். அத்தான் மாடி ஏறிச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நுரை குழாய் வழியாக இறங்கி இஸ்திரிக்காரர் மேசைக்கு அடியில் போய் நின்றது. "துணி வெளுக்கறதும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் அவர்.

மெயினை மறுபடியும் இறக்கிப் பார்த்தார்கள். சுத்தமான பேனல். சுத்தமாக நின்றது.

மார்ச் 25, புதன்

தெருக் கம்பத்தில் வேலை, காலையில் கரண்ட் இல்லை. அம்மா ஒரு செம்பு, நான் ஒரு செம்பு. அப்பா வெளியே போய், கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேனிடம் தன் குறையைக் கொட்டினார். நான் செம்போடு வாசல்நிலையில் நின்று கேட்டேன்.

"ஆன்-கிரிட்தானே? அது நிக்கத்தான் ஐயா செய்யும். நிக்கணும்னே செஞ்சது."

"வெயில் அடிக்குதே?"

"அடிச்சா? லைன்ல கரண்ட் இல்லன்னு நெனச்சு நான் கம்பில கை வெக்கிறேன். உங்க மாடியில இருந்து கரண்ட் லைனுக்கு வந்தா என்ன ஆகும்? உங்க பொட்டி நிக்கலன்னா என் மூச்சு நிக்கும்."

அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கையிலிருந்த செம்பு மீன் தொட்டிச் செம்பு என்பதால் வேறு செம்பு எடுக்க ஓடினேன்.

ஆக, பெட்டி ஏமாற்றவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. இந்த வீட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அந்தப் பெட்டிதான். கலரைக் கேட்டு வாங்கியவர்களைத்தான் சொல்ல வேண்டும். லேசர் போனில் சொன்னதும் பொய் இல்லை. பேனல் தயாராகத்தான் இருந்தது. மாப்பிள்ளை தயார், பெண் தயார், தாலியைத்தான் காணோம்.

டிப்ளமா அன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்தாளா? இருக்கலாம். சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

மார்ச் 28, சனி

அத்தான் சும்மா இருப்பாரா? எங்கிருந்தோ ஒரு பழைய இன்வர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சோலாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், போனால் கொடுக்கும். ஏர் மோட்டாரின் ஒயரை அதில் மாட்டி, மெயினை இறக்கிக் காட்டினார். இந்த முறை தெருவைக் கூப்பிடவில்லை.

மோட்டார் ஓடியது. ஆனால் அது என் மோட்டாரின் சத்தம் இல்லை. எப்போதும் தூங்குகிற பூனை மாதிரி இருக்கும். இது சீசாவில் அடைத்த குளவி.

"சத்தம்..." என்றேன்.

"சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம்" என்றார் அத்தான். அவரே அப்படித்தான் ஓடுகிறார், அதனால் அவருக்கு அப்படித் தோன்றும்.

சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு வரவில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடு. இரண்டு பெட்டி கூடுதலாக இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 31, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் போனது. குளவி ஓடியது. நான் முன்கடையில் ஒருவருக்குத் தீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து கருகின வாசனை. போய்ப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை.

செம்பு. மறுபடி செம்பு. அம்மாவுக்கு முதுகு வலி, உட்கார்ந்துவிட்டாள். நான் ஒவ்வொரு தொட்டியாக ஓடி ஓடி ஊத்தினேன், எதுக்கு ஊத்தினேன், எதுக்கு ஊத்தலன்னே தெரியல. கரண்ட் வந்து பழைய ஸ்பேர் மோட்டாரை அப்பா மாட்டும்போது ஏஞ்சல் ஜோடியில் ஒன்று சாய்ந்துவிட்டது. ஆண் மீன். கடைசி வரைக்கும் அந்தக் குழாய்ப் பக்கத்துலயே நின்னு, நேத்து மறுபடி வெச்ச முட்டைக்கு விசிறிக்கிட்டு இருந்துச்சு. தனக்கே மூச்சு இல்ல, முட்டைக்கு விசிறுது. லூசு மீன்.

முட்டைகள் வெள்ளையாகிவிட்டன. இனிப் பொரியாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார். பதினெட்டாம் தேதி லைன் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இருக்காதாம், அறிவிப்பு வந்திருக்கிறதாம். "அதுக்குள்ள உன் மீனையெல்லாம் வித்துரலாம்மா. நாள் முழுக்க உன்னால மொண்டு ஊத்த முடியாது. பின்னறைய மாப்பிள்ளைக்கு விட்டுருவோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பாவம் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

டிப்ளமா வீட்டு கேட் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். செருப்பு கடிக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

செருப்பு இல்லாமல் போனேன்.

கேட்டைத் திறந்தவள் 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்படியே திரும்பியிருப்பேன். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருப்பாள். அதுவும் ஒரு திமிர்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். கருகின மோட்டாரைப் பற்றி முதலில் கேட்டாள். சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டாள். குளவி என்றேன்.

"அந்தப் பழைய இன்வர்ட்டர் கரண்ட கட்டம் கட்டமா வெட்டிக் குடுக்கும். மோட்டாருக்கு அலை மாதிரி வளைஞ்சு வர்ற கரண்ட் வேணும், சைன் வேவ்னு சொல்வாங்க. உன் மோட்டாரப் படிக்கட்டுல உருட்டி விட்ட மாதிரிதான். பாவம், அதுவும் எவ்ளோ நேரம் தாங்கும்?"

பிறகு கேட்டாள்: "சரி, உங்க வீட்ல எது நிக்கவே கூடாது?"

இதை இதுவரை யாருமே கேட்கவில்லை. லேசர் கேட்கவில்லை. அத்தான் கேட்கவில்லை. நான்கூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விளக்கு நிற்கலாம், மீனுக்கு இருட்டு பழக்கம். ஃபில்டர் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஃபேன் நின்றால் மனிதர்கள்தான் வியர்ப்பார்கள், வியர்க்கட்டும். ஏர் மோட்டார் மட்டும்தான் நிற்கக் கூடாது. இதைச் சொல்ல ஆரம்பித்தவள் ஏஞ்சல் மீன் குழாயைச் சுத்தம் செய்வதிலிருந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்குவது வரை சொல்லிவிட்டேன். நிறுத்திப் பார்த்தால் தொண்டை வறண்டிருந்தது. ஒரே நாளில் இவ்வளவு பேசியது எப்போது?

"அப்ப ஹைபிரிட்" என்றாள். "பேனல மாத்த வேணாம், பொட்டிய மட்டும் மாத்தணும். கூட ஒரு பேட்டரி. கரண்ட் போச்சுன்னா அது தெரு லைன விட்டுத் தன்னப் பிரிச்சுக்கும். லைன்மேனுக்கு ஆபத்தில்ல. ஆனா தனியா ஒரு ஒயர்ல உங்களுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். பகல்ல பேனல்ல இருந்து, பத்தலன்னா பேட்டரில இருந்து. அந்த ஒயர்ல மோட்டார மட்டும் மாட்டு. அப்பத்தான் சின்ன பேட்டரியே நாள் முழுக்க வரும். உங்க அத்தான் ஃப்ரிட்ஜக் கொண்டு வந்து மாட்டுவாரு. விடாத."

அத்தானை இவளுக்கு இவ்வளவு சரியாகத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மீனை விற்பதற்கு முன்னால் ஒரு தடவை லேசரைப் பார்க்கலாம் என்று அப்பாவைக் கெஞ்சிக் கிளப்பினேன்; அத்தானும் ஒட்டிக்கொண்டார். சோலார் ஆபீஸ். டிப்ளமாவுக்குப் பரீட்சை, வரமாட்டாள். நல்லதுதான் என்று காலையில் நினைத்தேன். ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது நல்லதில்லை என்று தெரிந்தது.

"நான் பேசிக்கறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று அத்தான் எங்கள் இருவருக்கும் சொன்னார். எனக்கு அதைச் சொல்லத் தேவையே இல்லை.

"உங்க பொட்டி ஃபெயிலியர்" என்று ஆரம்பித்தார்.

"பொட்டி கரெக்டா வேலை செய்யுது சார். கரண்ட் போனா நிக்கணும், அதான் பாதுகாப்பு."

"அதத்தான் நானும் மாமாகிட்ட சொன்னேன்" என்றார் அத்தான். கண்கூட இமைக்கவில்லை. இந்த மனிதருக்குப் பொய் மூச்சு விடுவது மாதிரி வருகிறது.

பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்தார். தெரு லைனே வேண்டாம், துண்டித்துவிடலாம், ஆஃப்-கிரிட் போடலாம், பெரிய பேட்டரியாகப் போட்டு வீடு, கடை, ஃப்ரிட்ஜ், எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டலாம். லேசரின் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனா வெளியே வந்துவிட்டது, சுவரில் இருந்த படத்தில் இருப்பதிலேயே பெரிய பேட்டரியின் மேல் புள்ளி ஆடியது. அப்பாவின் தலையும் மெல்ல ஆட ஆரம்பித்தது.

அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினால் என் அறை போய்விடும்.

"ஹைபிரிட்" என்றேன். "ஏர் மோட்டாருக்கு மட்டும் தனி ஒயர். சின்ன பேட்டரி. சைன் வேவ்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். காது கேட்காதவரிடம் கத்துகிற மாதிரி வந்தது, நடுவில் உடைந்தும் போனது. ஆபீஸில் எல்லோரும் திரும்பினார்கள். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

"அட! பாப்பா பேசுமா?" என்றார் லேசர்.

"பேசும்" என்றார் அப்பா. தலை ஆடவில்லை. அத்தானைப் பார்க்கவும் இல்லை. "அவ சொன்னதையே போடுங்க."

என் காது வீடு வரை சூடாக இருந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

புதுப் பெட்டி மாட்டியாயிற்று. "இதுவும் வெள்ளதானா?" என்றார் அத்தான்.

ஏப்ரல் 18, சனி

காலையிலேயே எல்லாச் செம்புகளையும் நிரப்பி வரிசையாக வைத்தேன். யாரையும் நம்புவதாக இல்லை. டிப்ளமாவையும்தான்.

கோழிக்கடை ரேடியோ பாட்டின் நடுவில் அறுந்தது. ஃபேன் வேகம் குறைந்து நின்றது. நான் மோட்டார் மேல் காதை வைத்தேன். பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கரண்ட் போனதே தெரியவில்லை.

மத்தியானம் வீடு கொதித்தது. அம்மா முறத்தை எடுத்து விசிறிக்கொண்டாள். அத்தான் செல்போன் சார்ஜரோடு பின்னறைக்கு வந்தார். நான் மோட்டார் மாட்டியிருந்த பிளக்கின் முன்னால் போய் நின்றேன்.

"செல்லுக்குத்தாம்மா."

"வேணாம் அத்தான்."

"கொஞ்ச நேரம்."

"வேணாம்."

இரண்டாவது 'வேணாம்' உடையவில்லை. போய்விட்டார். அடுத்து ஃப்ரிட்ஜின் ஒயர் நீளுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அம்மா முறத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் அப்பா வந்து அத்தானின் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மொண்டு வைத்த செம்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"இந்தச் சரக்க மாப்பிள்ளைய எடுத்துக்கச் சொல்லிரலாமா?" என்றார்.

என்னைக் கேட்டார். தொட்டியைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பெட்டிகள் போய்விட்டன. வாசலில் வண்டியில் ஏற்றும்போது அத்தான் கோழிக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "நான் ஆரம்பத்துலருந்தே ஹைபிரிட்னுதான் சொன்னேன்."

"ஆமா மாப்ள" என்றார் அவர். "சோப்புப் போட்டுக் கழுவும்போதே சொன்னீங்க."

காலியான மூலையில் பெரிய தொட்டி வைத்துவிட்டேன். ஒற்றை ஏஞ்சலை ஒரு இளம் ஆணோடு அதில் விட்டிருக்கிறேன். அது அவனைத் துரத்துகிறது. துரத்தட்டும். நல்ல குணம்.

மத்தியானம் டிப்ளமா வந்தாள், சுவரைச் சுற்றி வாசல் வழியாக. பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். பெட்டியை ஒரு கண் பார்த்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் பின்னறையில்தான். கழுத்தில் அட்டை. தொட்டிக்குள் விழும், கழற்று என்றேன். கழற்றிக் கதவாணியில் மாட்டினாள்.

அவளுக்கு ஏஞ்சல் வேண்டுமாம். அதெல்லாம் உனக்கு வராது, கப்பியில் ஆரம்பி என்று சொல்லிவிட்டேன். ஒரு ஜோடியை நீயே பிடித்துக்கொள் என்று வலையைக் கொடுத்தேன். குழம்புக் கரண்டி மாதிரி பிடிக்கிறாள்! துழாவித் துழாவித் தண்ணீரைக் கலக்கியதுதான் மிச்சம். மீன்களெல்லாம் மூலையில் ஒதுங்கி அவளை வேடிக்கை பார்த்தன.

இரண்டு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் அங்கே?

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன். இவளுக்கெல்லாம் ஒரே நாளில் வராது.